கொச்சியில் பார்த்துச் சேலத்தில் வரைய: தெருக் கலைப் பணிக்கு முழுமையான வழிகாட்டி

கொச்சி பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்லயும் இதே மாதிரி ஒண்ணு செய்யலாமே" என்று பேசிக்கொண்டே சேலம் ஜங்ஷனில் வந்து இறங்கும் குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேருக்கு அந்த வேகம் ஒரு மாதத்தில் வடிந்துவிடும். மீதிப் பேர் கையில் கிடைத்த சுவரில் அவசரமாக வரைவார்கள், இரண்டு மழைக்குள் அது உரிந்துவிடும். என் முதல் சுவரும் அப்படித்தான் போனது. ஐப்பசியில் வரைந்தோம், கார்த்திகையில் உப்புப் பூத்தது.

சேலத்தில் குகை என்ற பகுதிப் பக்கம் ஒரு தெருவில் நாங்கள் செய்த இரண்டாவது சுவர் இப்போது நான்காவது ஆண்டாக நிற்கிறது. இரண்டு சுவருக்கும் வரைந்தவர்கள் ஒரே ஆட்கள்தான். வேலைகளை எந்த வரிசையில் செய்தோம் என்பது மட்டும்தான் மாறியது. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. எப்போது போவது, என்ன கொண்டுபோவது

கொச்சி-முசிறி பினாலே 12.12.2012 அன்று முதன்முதலில் தொடங்கியது. வழக்கமாக டிசம்பர் 12 வாக்கில் திறந்து மார்ச் கடைசி வரை நடக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது கணக்கு, ஆனால் இடைவெளி அதைவிட நீண்டதும் உண்டு. அந்த ஆண்டு நடக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு டிக்கெட் போடுங்கள்.

பிப்ரவரியில், வார நாளில் போங்கள். டிசம்பர் கடைசிப் பத்து நாள் ஃபோர்ட் கொச்சியில் கார்னிவல். ஆண்டின் கடைசி இரவில், கழியும் ஆண்டைக் குறிக்கும் பப்பாஞ்சி என்ற கிழவர் பொம்மையை எரிக்கும் கூட்டத்தில் யாரையும் நிறுத்திப் பேச முடியாது, அறை வாடகையும் ஏறிக்கிடக்கும். பிப்ரவரிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. திறந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். எது தாங்கியது, எது வெளிறியது, எதை இரண்டாம் முறை ஒட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

ஆளுக்கொரு நோட்டு வேண்டும். பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போடுங்கள்: பார்த்தது, அதற்கு முன்னால் என்ன வேலை நடந்திருக்கும், யாரிடம் கேட்டேன். நடுப்பத்தி காலியாக இருந்தால் அந்த இடத்தை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். போனில் எடுத்த நூறு படங்கள் இந்த நடுப்பத்திக்கு ஈடாகாது.

2. யாரைக் கூட்டிப்போவது

ஆறேழு பேர் போதும். எல்லோரும் ஓவியர்களாக இருப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஓவியர்கள் ஓவியத்தைத்தான் பார்ப்பார்கள். ஒரு கொத்தனார், போர்டு எழுதிப் பழகிய ஒரு பெயின்டர், கணக்கு வைத்துக்கொள்ளத் தெரிந்த ஒருவர், ஒரு பள்ளி ஆசிரியர் கட்டாயம் வேண்டும். எந்த வீட்டு வாசலிலும் நின்று பேசக்கூடிய ஒரு அக்காவும் வேண்டும். மலையாளம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எங்கள் குழுவில் வந்த கொத்தனார் மட்டாஞ்சேரிக் கிடங்கு ஒன்றில் நுழைந்ததும் ஓவியத்தைப் பார்க்கவில்லை. சுவரின் அடிப்பகுதியில் கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல நேரா அடிக்கல, முன்னால பலகை நிறுத்தி அதுலதான் மாட்டியிருக்காங்க. ஈரம் ஏறுதுங்க" என்றார். அந்த ஒரு வரியை மட்டும் அன்றைக்குக் கற்றுத் திரும்பியிருந்தாலும் எங்கள் பயணச் செலவுக்குச் சரியாகப் போயிருக்கும்.

3. முதல் நாள்: உள்ளே போகாதீர்கள்

இரவு ரயில் ஏறினால் காலையில் எர்ணாகுளம். அங்கிருந்து படகில் ஃபோர்ட் கொச்சி. இறங்கியதும், பல பதிப்புகளில் முக்கிய அரங்காக இருந்த ஆஸ்பின்வால் ஹவுஸ் வாசலுக்கு ஓடத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். முதல் நாள் டிக்கெட் எடுக்காதீர்கள்.

சீன வலைகள் இருக்கும் கரையிலிருந்து மட்டாஞ்சேரிவரை தெருத்தெருவாக நடங்கள். எந்தக் கட்டடங்களை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதுங்கள். கண்காட்சிக்கென்று பெரிதாகப் புதிதாக ஒன்றும் எழுப்பவில்லை என்பது தெரியும். ஆஸ்பின்வால் ஒரு காலத்தில் மிளகும் தேங்காயெண்ணெயும் கயிறும் ஏற்றுமதி செய்த வணிக நிறுவனத்தின் இடம். மற்றவற்றிலும் பல பழைய கிடங்குகள். ஊரில் சும்மா கிடந்த இடங்களிலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள்.

அப்புறம் தேநீர்க்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், மீன் விற்கும் இடம் என்று நின்று பேசுங்கள். "இது வந்ததால உங்களுக்கு என்ன மாறுச்சு?" என்று கேட்டால் போதும். நாங்கள் பேசிய ஓர் ஆட்டோக்காரர் ஐந்து படைப்புகளை எங்களுக்கு விளக்கினார். பக்கத்துத் தெருவில் கடை வைத்திருந்த ஒருவரோ, தான் ஒருமுறைகூட உள்ளே போனதில்லை என்றார். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் யார் வரை போய்ச் சேர்ந்தது, யாரைத் தொடவில்லை என்பதை அரங்குக்குள் இருந்து தெரிந்துகொள்ள முடியாது.

4. இரண்டாம் நாள்: இந்த நான்கு கேள்விகள்

இப்போது உள்ளே போங்கள். ஒவ்வொரு அரங்கிலும் விளக்கிச் சொல்லும் இளைஞர்களும் தன்னார்வலர்களும் காவலாளிகளும் இருப்பார்கள். கலைஞரின் நோக்கம் என்ன என்று கேட்காதீர்கள், அது சுவரிலேயே எழுதியிருக்கும். கேட்க வேண்டியவை: இதை ஏற்ற எத்தனை நாள் ஆனது? எத்தனை பேர்? எது கெட்டுப்போனது, யார் சரிசெய்தார்கள்? முடிந்ததும் இந்தப் பொருளெல்லாம் எங்கே போகும்?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைத்தான் நான் எப்போதும் கவனிப்பேன். புதிதாகத் தொடங்குபவர்கள் அதை யோசித்தே இருக்க மாட்டார்கள்.

வேலை நடந்துகொண்டிருக்கும் இடம் ஏதாவது இருந்தால் அங்கே அரைநாள் உட்காருங்கள். 2016 பதிப்பில் பி.கே. சதானந்தன் என்ற சுவரோவியர், கண்காட்சி நடந்த நாள்களிலேயே, வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க ஒரு நீண்ட சுவரோவியத்தை வரைந்துகொண்டிருந்தார். முடிந்த படத்தின் முன் அரை நிமிடம் நிற்பவர்கள் அங்கே நெடுநேரம் நின்றார்கள். குகையில் நாங்கள் மாலை நேரத்தில் வரைந்ததற்கு அதுதான் காரணம். தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள் தினமும் வந்து பார்த்தார்கள், மூன்றாம் நாள் தாங்களே பிரஷ் கேட்டார்கள்.

இன்னொரு பாடம் தேதி பற்றியது. 2022இல் டிசம்பர் 12 திறப்பு என்று அறிவித்தது 23க்குத் தள்ளிப்போனது. பல பதிப்புகளை நடத்திய அனுபவம் இருந்தும் இப்படி நேர்கிறது. அதனால் உங்கள் சுவர் முக்கால்வாசி முடியும்வரை திறப்பு நாளை வெளியில் சொல்லாதீர்கள்.

5. திரும்பி வந்த மூன்று நாளுக்குள்: கடலைக் கழியுங்கள்

மூன்று நாளுக்குமேல் தள்ளினால் நோட்டைத் திறக்க மாட்டீர்கள், என் அனுபவம் இது. எல்லோரும் உட்கார்ந்து, எழுதியவற்றை இரண்டாகப் பிரியுங்கள்: அந்த ஊரோடு ஒட்டியது, எங்கேயும் எடுத்துச் செல்லக்கூடியது.

அதே 2016இல் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரீத்தா ஒரு கிடங்குக்குள் கடல்நீரை நிரப்பியிருந்தார். கடலில் உயிரிழந்த அகதிக் குழந்தையை நினைத்துச் செய்தது. முழங்காலளவு தண்ணீரில் நடந்துபோய்த்தான் சுவரில் இருந்த வரிகளைப் படிக்க முடியும். அதைப் பார்த்தவுடன் "நாமும் ஒரு மண்டபத்தில் தண்ணீர் நிரப்பலாம்" என்று ஒருவர் சொல்வார். அங்கே சுவருக்கு அந்தப் பக்கமே கடல் இருக்கிறது, அதனால் அந்தத் தண்ணீர் பேசுகிறது. நம் ஊரில் அது வெறும் தொட்டி. நாம் எடுத்துவர வேண்டியது, அந்த ஊர்க்காரர் தினமும் தொடும் ஒன்றை வைத்துப் பேசலாம் என்கிற வழியை.

சரி, நம் ஊரில் கைக்குப் பழகியது என்ன? குகையிலும் அம்மாப்பேட்டையிலும் தறி. வெள்ளிப் பட்டறைகளில் கொலுசு. சுற்றுவட்டாரத்து ஆலைகளில் காயும் ஜவ்வரிசி. மேக்னசைட் என்ற கனிமத்தை வெட்டும் இடங்களின் வெள்ளை மண். விடிய விடிய நடக்கும் கூத்தில் ஆடுபவர் அணியும் மரக்கட்டை நகை, கிரீடம். இவற்றில் உங்கள் தெருவுக்கு எது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அது அடுத்த படி.

6. தெருக்கூட்டம்: படத்துக்கு முன் பேச்சு

இந்தப் படியில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். படம் வரைந்து எடுத்துக்கொண்டு போய் "எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். நல்லா இருக்கு என்றுதான் யாரும் சொல்வார்கள். வீடு தேடி வந்தவரிடம் வேறென்ன சொல்ல முடியும்?

கூட்டத்துக்கு வெறுங்கையோடு போங்கள். கொச்சிப் படங்களைக் காட்டவும் வேண்டாம். காட்டினால் அதுதான் வரப்போகிறது என்று நினைத்துவிடுவார்கள். இரவு ஏழரைக்குமேல், தெருவில் யாராவது ஒருவர் வாசலில் கூடுங்கள். மண்டபத்தில் வைத்தால் பெண்கள் பின்வரிசையில் நின்றுவிட்டுச் சமையலுக்குத் திரும்பிவிடுவார்கள். வாசலில் என்றால் உட்கார்ந்து பேசுவார்கள்.

இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தச் சுவரை யார் தினமும் எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்? இதில் எதை வரையக் கூடாது?

முதல் கேள்விக்கு வந்த பதில்: பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) காய வைக்கிறோம், வண்டி நிறுத்துகிறோம், பந்தல் கால் கட்டுகிறோம். அதை வைத்துப் படத்தின் அடிப்பாகம் மூன்றடிக்கு வெறும் காவி நிறம் என்று அங்கேயே முடிவானது. சைக்கிள் ஹேண்டில் உரசினாலும் திருப்பி அடித்துவிடலாம்.

இரண்டாவது கேள்வி அதைவிட முக்கியம். சாமி படம் வேண்டாம் என்றார்கள். ஓரமாக யாராவது அசுத்தம் செய்தால் மனசு தாங்காது என்பது காரணம். கட்சிக் கொடியை ஞாபகப்படுத்தும்படி நிறங்கள் பட்டை பட்டையாகச் சேரக் கூடாது என்றார்கள். எந்தச் சாதியின் அடையாளமும் தனியாகத் தெரியக் கூடாது என்றார்கள். இவற்றை எழுதி, படித்துக் காட்டி, பொதுவான ஒருவரிடம் ஒரு பிரதி கொடுங்கள். பின்னால் யாராவது "அதையும் சேர்த்துக்கங்க" என்று வற்புறுத்தும்போது அந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

இரண்டாவது கூட்டத்தில்தான் பென்சில் படம். எங்கள் படத்தில் குழித்தறி, நெய்கிற பெண், மடியில் விரியும் புடவை எல்லாம் இருந்தன. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சேல இருக்குது, பொம்பள இருக்குது. பாவு எங்க சாமி? நூலே இல்லாம என்னத்த நெய்யறது?" என்றார். தறிக்கு முன்னால் நீளும் பாவை நாங்கள் வரையவே இல்லை. இப்போது அந்தச் சுவரில் இருப்பதிலேயே நீளமானது அதுதான், 40 அடியில் 22 அடி பாவு. எல்லோரும் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

7. அனுமதி

சுவர் யாருடையது என்பதை முதலில் பாருங்கள். தனியார் சுவர் என்றால் உரிமையாளரின் கையெழுத்து, எத்தனை ஆண்டுக்கு என்பதோடு. மாநகராட்சிச் சுவர் என்றால் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி ஆகிய நான்கு மண்டல அலுவலகங்களில் உங்கள் வார்டுக்கு உரியது. ரயில்வே, நெடுஞ்சாலை, அறநிலையத் துறைச் சுவர்களுக்கு அந்தந்தத் துறை. வாய்ச்சொல் போதாது. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் இருக்கிறது, அனுமதியில்லாமல் எழுதினால் நல்ல நோக்கம் என்று சொல்லித் தப்ப முடியாது.

கட்சிக்கென்று ரிசர்வ் செய்து எழுதியிருக்கும் சுவரைத் தொடாதீர்கள். தேர்தல் நேரத்தில் அதிகாரிகள் சுவர்களுக்கு வெள்ளையடிப்பார்கள். அப்போது காட்ட அனுமதிக் கடிதத்தின் நகல் தெருவிலேயே ஒருவரிடம் இருக்கட்டும்.

8. நாள் கணக்கு: பின்னாலிருந்து போடுங்கள்

சேலத்தில் வரைய ஏற்றது தைப் பொங்கல் முடிந்ததிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிவரை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வும் தொடங்கியிருக்காது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

முந்தைய ஆண்டு பிப்ரவரியில் கொச்சி. பங்குனி, சித்திரை மாலைகளில் தெருக்கூட்டங்கள். ஜூன், ஜூலையில் அனுமதி. ஆடியில் எதுவும் வைக்காதீர்கள். கோட்டை மாரியம்மனுக்கும் ஊரிலுள்ள மற்ற மாரியம்மன்களுக்கும் பண்டிகை, தெருவே உங்களுக்குக் கிடைக்காது. ஆவணி, புரட்டாசியில் படம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சும்மா இருக்க வேண்டாம். குடையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சுவரைப் பாருங்கள். தண்ணீர் எங்கே வழிகிறது, எந்தக் குழாய் சொட்டுகிறது, மேல்விளிம்பில் எங்கே இறங்குகிறது என்று சாக்பீஸால் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். என் முதல் சுவரை நான் வெயிலில் மட்டுமே பார்த்திருந்தேன். மார்கழி பிறக்கும்போதே பூச்சு வேலையை முடித்துவிட வேண்டும். புதிய சிமெண்ட் பூச்சு 28 நாளாவது ஆறாமல் பெயின்ட் தொடக் கூடாது. பூச்சில் இருக்கும் காரம் நிறத்தைத் தின்றுவிடும்.

9. சுவர் தயாரிப்பு

மொத்த உழைப்பில் பாதி இங்கேதான் போகும். பழைய பெயின்டைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேயுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் முதலில் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். ஈரம் வரும் வழியை அடைக்காமல் எத்தனை கோட் அடித்தாலும் வீண்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். மாலையில் ஒட்டி மறுநாள் காலை பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் நீர் முத்துமுத்தாக இருந்தால் அந்தச் சுவர் தயாராகவில்லை. அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று என்று மூன்று இடத்தில் பாருங்கள்.

அப்புறம் விரிசல்களுக்கு வெளிச்சுவர்ப் பட்டி (புட்டி), உப்புத்தாள், தூசி தட்டல், பிரைமர் என்ற அடிப்பூச்சு. அதன்மேல் வெளிச்சுவருக்கான எமல்ஷன். இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 50 சதுர அடி என்று கணக்கு வையுங்கள். 40 அடி நீளம், 8 அடி உயரம் என்றால் அடிநிறத்துக்கு மட்டும் 6 முதல் 7 லிட்டர். பெயின்டில் கலக்க உப்புத் தண்ணீர் வேண்டாம், குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

மேற்குப் பார்த்த சுவரில் காலையில் வேலை, கிழக்குப் பார்த்ததில் மாலையில் வேலை. சூடான சுவரில் பெயின்ட் பிடிப்பதற்கு முன்பே காய்ந்து, பிற்பாடு செதில் செதிலாக வரும். பளிச்சென்ற இளஞ்சிவப்பு, ஊதா வகைகள் நம் வெயிலில் சீக்கிரம் வெளிறும். காவி, மஞ்சள் காவி, கரி நிறங்கள் நிற்கும். பெரிய பரப்புகளை இவற்றிலேயே வையுங்கள்.

10. வரைதல்: எல்லோர் கைக்கும் ஓர் இடம்

தாளில் ஓர் அங்குலம், சுவரில் ஓர் அடி. கொத்தனாரின் நீலப்பொடி நூலால் சுவர் முழுக்க ஓரடிக் கட்டங்கள் அடியுங்கள். மேலே அ, ஆ, இ, பக்கவாட்டில் 1, 2, 3. இனி யார் வந்தாலும் "ஈ 5" என்றால் இடம் தெரிந்துவிடும்.

வெளிக்கோட்டை அனுபவசாலிகள் போடட்டும். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் நிறத்தின் எண்ணைச் சாக்பீஸால் எழுதுங்கள். நிரப்புவது தெருக்காரர்களும் பிள்ளைகளும். மூன்றடிக்கு ஒருவருக்குமேல் நிறுத்தாதீர்கள். 40 அடிச் சுவரென்றால் ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர். முதல் நாளே ஐம்பது பிள்ளைகளை வரச் சொல்லி, பாதிப் பேரை நிற்க வைத்துத் திருப்பி அனுப்பினால் மறுநாள் அவர்கள் வர மாட்டார்கள். பெயர் எழுதி நேரம் கொடுங்கள். சாரத்தின்மேல் பெரியவர்கள் மட்டும்.

கோணலாக வந்ததை அவர்கள் கண்முன்னால் திருத்தாதீர்கள். கடைசியில் எல்லா விளிம்புக்கும் ஒரு கோடு போடப் போகிறீர்கள், பெரும்பாலானவை அதிலேயே சரியாகிவிடும்.

11. பணமும் சாப்பாடும்

கொத்தனாருக்கும் பெயின்டருக்கும் கூலி கொடுங்கள், சேவை என்று சொல்லிக் குறைக்காதீர்கள். வரவு செலவைத் தெருமுனையில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். நன்கொடையாளர் பெயர் எந்த மூலையில், எவ்வளவு பெரிதாக வரும் என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள். எங்களுக்கு ஓரடிக் கட்டம் ஒன்று, அவ்வளவுதான். நாலு மணிக்குத் தட்டுவடை செட்டும் டீயும் தவறக் கூடாது.

12. ஏற்காட்டில் செய்வதானால்

அது வேறு கணக்கு. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், பனிமூட்டம், பாசி. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரைதான் சுவர் காயும். மே மாதக் கோடை விழாவுக்கு முன் முடித்துவிடுங்கள், அதற்கப்புறம் கொண்டை ஊசி வளைவுகளில் சாமான் ஏற்ற முடியாது. மண்சரிவைத் தாங்கும் கல்சுவரில் வரையவே கூடாது, பின்னாலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். தாழ்வாரத்துக்கு அடியில் இருக்கும் சுவர், அல்லது கழற்றி மாட்டும் தகரப் பலகை நல்லது.

மலைக்கிராமங்களில் மலையாளி என்ற பழங்குடி மக்களிடம் (கேரளத்து மலையாளிகள் வேறு) ஊர்ப் பெரியவர்கள் வழியாகத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். ஆறாம் படியில் சொன்ன இரண்டு கூட்டம் அங்கே நான்காகும். அந்த நேரத்தைக் கொடுக்க முடியாவிட்டால் மலைக்குப் போகாதீர்கள்.

13. வரைந்து முடித்த பிறகு

ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டர் மிச்சம் வையுங்கள். டப்பாவின் மூடியில் நிறத்தின் எண், வாங்கிய மாதம், அது வரும் கட்டங்கள் எல்லாவற்றையும் எழுதி இறுக மூடி, தெருவிலேயே ஒருவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள். பழைய பெயின்ட் கட்டிப்பட்டாலும், மூடியில் இருக்கும் எண்ணைக் காட்டி அதே நிறத்தை வாங்கிவிடலாம்.

மழைக்கு முன் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை, வருஷத்துக்கு இரண்டு தடவை சுவரை அடி முதல் நுனிவரை பார்க்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் தெருவில் பாவைப் பற்றிச் சொன்ன பாட்டியின் பேரன் அதைப் பார்த்துக்கொள்கிறான். போன கார்த்திகையில் ஈ 5 கட்டத்தில் கையகல உப்பு என்று போன் செய்தான். போய்ப் பார்த்தால் மேலே ஓடும் குழாயில் ஒரு பொடிக் கசிவு. குழாயைச் சரிசெய்து, ஒரு மாதம் காய விட்டு, மூடியில் இருந்த எண்ணைப் பார்த்து அவனே அடித்துவிட்டான்.